குதிரைகள்மீது மக்களைப் பணம் கட்டவைக்கும் அரசு பந்தய நிறுவனத்தை விற்ற பிறகும் குதிரைப் பந்தயத் துறைக்குப் பணம் வரச் செய்வது எப்படி?

விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்தாகும் முன்பே பந்தயத் துறையின் பங்கு எழுத்தில் வந்துவிட வேண்டும். பணம் கருவூலத்துக்குப் போன பிறகு அமைச்சருக்கு அவசரம் இருக்காது, வாங்கியவருக்குக் கட்டாயமும் இருக்காது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா 1994ல் தன் அரசு பந்தய நிறுவனமான டி.ஏ.பி.யை டாப்கார்ப் என்ற பெயரில் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோனபோது, பந்தயத் துறை 25 சதவீதக் கூட்டுப் பங்கைப் பெற்றது. சூதாட்ட இயந்திர வருமானமும் அதில் அடக்கம். 2012ல் உரிமம் முடிந்ததும் இயந்திர வருமானம் கைவிட்டுப் போனது. அதன்பின் பந்தயம் கட்டுவதில் வரும் வருமானத்தில் மட்டும் சரிபாதி கிடைத்தது. ஆக, எந்தப் பங்குக்கும் முடிவுத் தேதி உண்டு என்று வைத்தே பேரம் பேசுங்கள்.

முதல் கேள்வி: எதன்மீது சதவீதம்? நிகர லாபத்தில் பங்கு என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விளம்பரம், வட்டி, தலைமையகச் செலவு எல்லாம் கழிந்த பின் மிஞ்சுவது வாங்கியவர் கையில்தான் இருக்கிறது. கட்டப்பட்ட மொத்தத் தொகையிலோ, பரிசாகத் திருப்பிக் கொடுத்தது போக மிஞ்சும் வருவாயிலோ சதவீதம் கேளுங்கள். 1,000 டாலர் பந்தயத்தில் 850 ஜெயித்தவர்களுக்குப் போனால் வருவாய் 150. மொத்தத்தில் 1.5 சதவீதம் என்றால் 15 டாலர், அதாவது வருவாயில் பத்தில் ஒரு பங்கு. 50 டாலர் மட்டுமே மிஞ்சும் குறைந்த லாப நிறுவனத்துக்கும் அதே 15 டாலர்தான். அவருக்கு அது 30 சதவீதம். அவர் எதிர்ப்பது நிச்சயம். ஆனால் இலவசப் பந்தயம், சலுகை என்று வருவாயைச் சுருக்கிக் காட்ட மொத்தத் தொகைக் கணக்கில் இடம் குறைவு.

கழிவுப் பட்டியலை வரிக்கு வரி படியுங்கள். வெளிமாநிலப் பந்தயங்களுக்காக நிறுவனம் கட்டும் கட்டணத்தை உங்கள் பங்கிலிருந்து பிடித்தம் செய்ய அனுமதிக்கும் ஒரு வரி போதும், ஒப்பந்தம் ஓட்டைப் பானையாகிவிடும். பிடித்தம் கூடாது என்று வெளிப்படையாக எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, அந்த ஒரே நிறுவனத்தை மட்டும் நம்பியிருக்காமல் இருப்பது. வாடிக்கையாளர் ஃபோனில் வேறு மாநிலத்து புக்மேக்கரிடம் (பந்தயப் பணம் வாங்கும் தனியாரிடம்) போனால், டி.ஏ.பி.யிடம் பெற்ற சதவீதம் அங்கே செல்லாது. பந்தயத்தில் ஓடும் குதிரைகளின் பட்டியலைப் பயன்படுத்த அனுமதியும் கட்டணமும் வேண்டும் என்று சட்டம் இருந்தால், பந்தயம் கட்டவைக்கும் எல்லோரும் கட்டியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2008 முதல் மொத்தத் தொகையில் 1.5 சதவீதம் வசூலித்தது. பெட்ஃபேர் என்ற ஆன்லைன் பந்தய நிறுவனம் வழக்குப் போட்டது; 2012ல் உச்ச நீதிமன்றம் கட்டணத்தை உறுதிசெய்தது. அதே பெட்ஃபேர் 2008ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒரு சட்டத்தை நீதிமன்றத்தில் செல்லாததாக்கியிருந்தது. அந்தச் சட்டம் பந்தயப் பரிமாற்றத் தளங்களை (வாடிக்கையாளர்கள் ஒருவரோடொருவர் பந்தயம் கட்டும் இடங்களை) தடுத்து உள்ளூர்க்காரருக்குச் சாதகமாக நின்றதே காரணம். எனவே உள்ளூர், வெளியூர் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே விகிதம் வையுங்கள். மாதக் கணக்கைப் பந்தய வகைவாரியாகத் தரவேண்டும், உங்கள் தணிக்கையாளர் புத்தகங்களைப் பார்க்கலாம், தாமதத்துக்கு வட்டி: இந்த மூன்றும் அனுமதியின் நிபந்தனையாக இருக்கட்டும்.

வரியும் ஒரு வழி. நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல், வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து விதிப்பது. தெற்கு ஆஸ்திரேலியா 2017 ஜூலையில் 15 சதவீதத்துடன் தொடங்கியது, மற்றவை பின்தொடர்ந்தன. இதில் பந்தயத் துறையின் பங்கு சட்டத்திலேயே எண்ணாக இருக்க வேண்டும். "அரசு ஆண்டுதோறும் ஒதுக்கும்" என்ற சொற்றொடர் அடுத்த பட்ஜெட் வரைதான் தாங்கும்.

தாமதத்தின் விலைக்குப் பிரிட்டனைப் பாருங்கள். 2009ல் பெரிய புக்மேக்கர்கள் ஆன்லைன் தொழிலை ஜிப்ரால்டருக்கு மாற்றினார்கள். 2011ல் டோட் என்ற அரசு பந்தய நிறுவனம் 265 மில்லியன் பவுண்டுக்கு பெட்ஃப்ரெட் என்ற புக்மேக்கரிடம் போனது. வெளிநாட்டிலிருந்து நடத்துபவர்களிடமும் பந்தயத் துறைக்கான லெவி என்ற கட்டாயக் கட்டணத்தை வசூலிக்கும் விதி 2017ல்தான் வந்தது. விற்பனையில் ஒருமுறை வரும் தொகையை மைதானப் பராமரிப்பு, கால்நடை மருத்துவ வசதி போன்றவற்றில் போடுங்கள். பரிசுத் தொகையை அதிலிருந்து உயர்த்தினால், பணம் தீர்ந்த வருடம் குதிரை உரிமையாளர்களிடம் குறைத்துச் சொல்ல வேண்டிவரும்.

உரிமம் முடியும் தேதிக்கு மூன்று ஆண்டுகள் முன்பே மாற்று வருமானப் பேச்சைத் தொடங்குங்கள். விக்டோரியாவில் டாப்கார்ப்புடனான கூட்டுத் தொழில் 2024 ஆகஸ்டில் முடிந்தபோது, உயர்த்தப்பட்ட பந்தய வரியில் பந்தயத் துறைக்கான பங்கு முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருந்தது.