கம்பைலரைத் திறந்து டெஸ்டைப் பூட்டுகிறவர்கள்

நிறுவனங்கள் தங்கள் நிரல்மொழியை ஓப்பன் சோர்ஸ் ஆக்க, அதாவது மூலக் கோடை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டுமா என்றால், ஆமாம் என்பேன். மேட்லேப் என்ற கணக்கீட்டு மொழி பூட்டிய கதவோடு நன்றாகத்தான் ஓடுகிறது. டூல்பாக்ஸ் என்ற துணைத் தொகுப்புகளை நம்பி வருகிற கூட்டம் அதற்கு உண்டு. எல்லாருக்கும் அது வாய்க்காது. லைசென்ஸ் கோப்பை மறப்பது, கோடை வைக்கும் ரெப்போவில் பாஸ்வேர்டை விடுவது மாதிரி சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். திறக்கும்போது செய்கிற பெரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

டெஸ்டை உள்ளே வைத்துக்கொள்வது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கம்பைலர், அதாவது நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள், வெளியே வரும். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வருடக்கணக்கில் சேர்த்த டெஸ்டுகள் வராது. கேட்டால், "கஸ்டமர் கோட் கலந்திருக்கிறது" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்துக்கு, வெளியாள் ஒருவர் நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசர் பகுதியில் ஒரு பிழையைத் திருத்தி பேட்ச் அனுப்பினார். "உள்ளே மூன்று டெஸ்ட் ஃபெயில் ஆகிறது, ஏற்க முடியாது" என்று பதில் போனது. எந்த மூன்று என்று கேட்டார். சொல்ல அனுமதியில்லையாம். மனிதர் அதோடு அந்தப் பக்கம் வரவே இல்லை.

மைனஸ் 7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் ஜாவாவில் மைனஸ் 3, பைத்தானில் மைனஸ் 4. உங்கள் மொழியில் எது? கையேடு வாய் திறக்காத இடத்தில் டெஸ்ட்தான் பதில் சொல்லும். அது இல்லாமல் இன்னொருவர் உங்கள் மொழியை எழுதினால், ஊகித்துத்தான் எழுதுவார்.

ஜாவாவிலும் இந்தக் கூத்து நடந்தது. 2005-ல் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் எழுதும் அப்பாச்சி அறக்கட்டளை ஹார்மனி என்று தனி ஜாவா எழுதத் தொடங்கியது. அதை ஜாவா என்று சொல்லிக்கொள்ள டிசிகே என்ற டெஸ்ட் தொகுப்பில் தேற வேண்டும். எந்தெந்தக் கருவிகளில் ஓடலாம் என்ற நிபந்தனையோடுதான் அதைத் தருவோம் என்றது ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம். 2007-ல் அப்பாச்சி பகிரங்கக் கடிதம் எழுதியது. சன் மசியவில்லை, சன்னை வாங்கிய ஆரக்கிளும் மசியவில்லை. 2010 டிசம்பரில் அப்பாச்சி, ஜாவாவின் போக்கை முடிவு செய்யும் செயற்குழுவை விட்டு வெளியேறியது, மறு வருடம் ஹார்மனி மூடப்பட்டது. பூட்டி என்ன கண்டார்கள்? ஹார்மனியின் லைப்ரரிகள் அதற்குள் ஆண்ட்ராய்டில் உட்கார்ந்துவிட்டன. ஆண்ட்ராய்டில் ஜாவாவைப் பயன்படுத்தியதற்காக கூகுள் மீது ஆரக்கிள் போட்ட வழக்கும் 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கூகுள் பக்கமே தீர்ந்தது.

கஸ்டமர் கோடைத் தூக்கிவிட்டு, அதே பிழையைக் காட்டும் நாலு வரியாக ஒவ்வொரு டெஸ்டையும் திருப்பி எழுதுங்கள். அலுப்பான வேலைதான். முடியும்வரை வெளியீட்டுத் தேதி குறிக்காதீர்கள்.

அடுத்தவர் கோடை எண்ணாமல் அறிவிப்பது

சன் 2006-ல் ஜாவாவைத் திறப்பதாக அறிவித்தது. எழுத்துரு, ஒலி சார்ந்த சில பகுதிகளின் உரிமை அதனிடம் இல்லை. அந்த ஓட்டைகளை மற்றவர்கள் எழுதி அடைக்க வேண்டியிருந்தது. வக்கீலை முதலில் கூப்பிடுங்கள், விளம்பரக்காரரை அப்புறம்.

கைகழுவும்போது திறப்பது

எரிக்சன் நிறுவனத்தில் பிறந்த எர்லாங் மொழியைக் காட்டி வாதாடுவார்கள். 1998-ல் எரிக்சனின் ஒரு பிரிவு புதிய தயாரிப்புகளில் அதைத் தடை செய்தது. அதே வருடம் மொழி திறக்கப்பட்டது, பிழைத்தது. உருவாக்கியவர்களில் சிலர் வெளியே வந்து அதிலேயே தொழில் தொடங்கினார்கள். உங்கள் ஆட்கள் அப்படிச் செய்வார்களா?

பழைய கமிட்களை அழிப்பது

வேண்டாம். கமிட் என்பது கோடில் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு. 2015-ல் ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழி ஓப்பன் சோர்ஸாக வந்தபோது 2010-லிருந்தான வரலாறும் கூடவே வந்தது.

டிரேட்மார்க்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

2023-ல் ரஸ்ட் மொழியின் டிரேட்மார்க் விதிகளின் வரைவுக்குக் கிடைத்த வசவுகளைப் படித்துப் பாருங்கள்.