ஹோமில் இருக்கும் ஆட்டிசம் பெரியவர்களுக்குத் திட்டம் எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுனில் பராமரிப்பு ஹோம் நடத்துபவர்களுக்கும், அண்ணனையோ தம்பியையோ அங்கே விட்டிருப்பவர்களுக்கும் இது.

ஒவ்வொருவரையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதி வைப்பதுதான் திட்டம். ஃபைலைத் திறந்தால் எல்லாருக்கும் ஒரே தாள், பெயர் மட்டும் மாறியிருக்கும். குளியல் ஏழு மணி, மைலோ எட்டு மணி, அப்புறம் டிவி. இது ஹோமின் டைம்டேபிள், அந்த ஆளுக்கான திட்டம் இல்லை. ஓகேயு அட்டையும், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் அட்டையும், போதாது. ஆட்டிசம் அதில் கற்றல் குறைபாடு என்ற பிரிவில்தான் வருகிறது. சலுகைக்கு அது உதவும், குழம்பு சோற்றில் பட்டால் இவர் தட்டைத் தள்ளிவிடுவார், தனிக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும் என்பதை அதுவா சொல்லும்? அதை அம்மாவிடம் கேட்டு எழுத வேண்டும், அவரிடமும் கேட்க வேண்டும். பேசாதவர் என்றால் இரண்டு சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள், எதைத் தொடுகிறார் என்று பாருங்கள்.

பெரிய தவறு, "முரடு, அடிப்பார்" என்று ஒரு வரி எழுதி முடித்துக்கொள்வது. அதற்கு முன்னால் என்ன நடந்தது, எங்கே, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுதாவிட்டால் அந்த வரியால் யாருக்கும் பிரயோசனம் இல்லை. அதுவரை சாதுவாக இருந்தவர் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டால் முதலில் உடம்பைப் பாருங்கள்: பல், காது, மலச்சிக்கல். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு வலியைச் சொல்லத் தெரியாது, சிலருக்கு முகத்திலும் தெரியாது. வயிற்றுத் தொந்தரவும் வலிப்பும் மற்றவர்களைவிட அதிகமாகவே வரும். அதனால் மாத்திரையைக் கூட்டச் சொல்லி கிளினிக்குக்கு ஓடுவதற்கு முன், கடைசியாக எப்போது மலம் கழித்தார் என்று பாருங்கள். வலி வந்தால் இவர் எப்படிக் காட்டுவார் என்பது திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கோயில் திருவிழாவுக்கு ஹோமே வேன் ஏறிப் போகும், நல்ல எண்ணம்தான். உறுமி அடிக்க ஆரம்பித்ததும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவரையும் ஏன் இழுத்துப் போக வேண்டும்? கூட்டம் வருவதற்கு முன் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம், இல்லையென்றால் யார் அவரோடு ஹோமில் இருப்பது என்று முன்பே எழுதலாம்.

இரவு வேலைக்கு வருபவர் இந்தோனேசியக்காரர் என்றால் தமிழில் எழுதிய திட்டம் அலமாரியில்தான் தூங்கும். எளிய மலாயில், படத்தோடு ஒரு தாள் சுவரில் ஒட்டுங்கள்.

புதுசு எழுதியதும் பழைய தாளைக் கிழித்துப் போடாதீர்கள். தேதி போட்டுப் பின்னால் சேர்த்து வையுங்கள், எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டால் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.