பந்துக் கண்ணாடியும் தகர டப்பாவும் வைத்து வீட்டிலேயே சூரியனை அளப்பது எப்படி

சூரியன் எவ்வளவு பெரிசு, எவ்வளவு சூடு என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் எண்கள் இருக்கின்றன, நானும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன்தான். ஆனால் அந்த எண்ணில் ஒன்று நம் வீட்டுச் சுவரில் நாமே ஸ்கேல் வைத்து அளந்து வரும்போது ஏற்படுகிற சிலிர்ப்பு வேறு மாதிரி. இரண்டு அளவீடுகள் சொல்கிறேன். ஒன்று பருமன், இன்னொன்று வெயிலின் வலு. மொத்தச் செலவு நூறு ரூபாயைத் தாண்டாது, தெர்மாமீட்டர் ஏற்கெனவே இருந்தால்.

முதலில் கண்ணைப் பற்றி. சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. எக்ஸ்ரே பிலிம், கரி படிந்த கண்ணாடி, கிரகணத்தன்று பாட்டி தாம்பாளத்தில் கரைத்து வைக்கும் சாணித் தண்ணீர், எதுவும் பாதுகாப்பு இல்லை. நாம் பார்க்கப்போவது சுவரில் விழும் பிம்பத்தை மட்டும்தான்.

சரி, பந்துக் கண்ணாடி. பழைய பிளாஸ்டிக் பந்து ஒன்றில் ஓட்டை போட்டு மணலை நிரப்பி ஒட்டிவிடுங்கள், கனம் வேண்டும் என்பதற்காகத்தான் மணல். சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கறுப்புத் தாளால் முழுக்க மூடி, தாளின் நடுவில் மட்டும் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விட்டு, அதைப் பந்தின் மேல் ஒட்டுங்கள். பந்தை ஒரு டம்ளர் வாயில் உட்கார வைத்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும். வாசலிலோ மொட்டை மாடியிலோ வெயிலில் வைத்து, கதவு வழியாக உள்ளே இருட்டறையின் சுவருக்கு வெளிச்சத்தைத் திருப்புங்கள். குறைந்தது பத்து மீட்டர் தூரம் இருக்கட்டும். குழந்தைகள் கூட இருந்தால் ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்: சுவரைப் பார்க்கலாம், கண்ணாடியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதில் தெரிவதும் சூரியனேதான்.

சுவரில் வட்டமாக ஒரு வெளிச்சம் விழும். ஓட்டை வட்டமாக இருப்பதால்தானே என்று தோன்றும். தாளைச் சதுரமாகவோ முக்கோணமாகவோ வெட்டிப் பாருங்கள், அப்போதும் வட்டம்தான் வரும், ஏனென்றால் விழுவது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பம். மாமரத்தடியில் இலை இடுக்கு வழியாகத் தரையில் சிந்திக்கிடக்கும் வட்டங்களும் இதேதான். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் வளையக் கிரகணம் தெரிந்தபோது மரத்தடியைக் கவனித்தவர்களுக்கு அந்த வட்டங்கள் வளையங்களாக மாறியது நினைவிருக்கும்.

இப்போது அளக்க வேண்டும். கண்ணாடியிலிருந்து சுவர் வரை டேப் பிடியுங்கள். பிம்பத்தின் மங்கலான வெளி ஓரம் வரை அளந்து, அதில் ஓட்டையின் 5 மி.மீ.யைக் கழித்துவிடுங்கள். வெளிச்சம் சுவரில் சாய்வாக விழுந்தால் வட்டம் முட்டையாகிவிடும், அப்போது குறுகலான பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது ஓர் அட்டையை நேராகப் பிடித்து அதில் அளங்கள். எனக்கு மார்ச் மாதத்தில் தூரம் 12 மீட்டர், பிம்பம் 117 மி.மீ. ஐந்து போக 112. 12,000-ஐ 112-ஆல் வகுத்தால் 107. (இது நாலாவது முயற்சி. முதல் மூன்றும் 101, 112 என்று கன்னாபின்னாவென்று வந்தன, ஓரத்தைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டும்.)

அந்த 107-க்கு என்ன அர்த்தம்? ஓட்டைக்கு இந்தப் பக்கம் தூரத்துக்கும் பிம்பத்துக்கும் உள்ள விகிதம்தான் அந்தப் பக்கம் தூரத்துக்கும் சூரியனுக்கும். ஆக, நமக்கும் சூரியனுக்கும் நடுவில் 107 சூரியன்களை வரிசையாக அடுக்கலாம் என்று அர்த்தம். சராசரித் தூரம் 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டர், அதை 107-ஆல் வகுத்தால் சூரியனின் விட்டம் கிட்டத்தட்ட 13 லட்சத்து 98 ஆயிரம். உண்மையான விட்டம் 13 லட்சத்து 92 ஆயிரம் சொச்சம். உடைந்த பந்தும் டம்ளரும் வைத்துக்கொண்டு இதற்கு மேல் என்ன கேட்க முடியும்!

ஆனால் தூரத்தை மட்டும் நான் கடன் வாங்கினேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வீட்டில் ஆகாத காரியம். சூரியன் முன்னால் வெள்ளிக் கோள் கடந்து போவதை உலகின் பல மூலைகளிலிருந்து நேரம் குறித்துத்தான் 18-ஆம் நூற்றாண்டில் அந்தத் தூரத்தைப் பிடித்தார்கள். அதற்காகப் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பல் ஏறிய வானியலாளர் லெ ஜென்டில் பாடு பெரும்பாடு. 1761-ல் அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, ஆடுகிற கப்பலில் இருந்து அளந்தது எதற்கும் உதவவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் இந்தப் பக்கமே காத்திருந்து, 1769 ஜூனில் புதுச்சேரியில் எல்லாம் தயாராக வைத்திருந்த அன்று காலை பார்த்து மேகம் மூடிவிட்டது. ஊருக்குத் திரும்பினால் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி வைத்திருந்தார்கள். உங்களுக்கு மேகம் வந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அப்புறம், பிம்பம் நகர்ந்துகொண்டே இருப்பதைக் கவனித்து எரிச்சல் பட வேண்டாம். அதன் ஓரத்தில் பென்சில் கோடு போட்டு நேரம் பாருங்கள், தன் அகலத்தைத் தானே கடக்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நகர்வது பூமி. பூமி சுழல்வதை இதைவிட மலிவாகப் பார்க்க வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பந்தை எடுத்து வைத்துவிட்டு ஜனவரி முதல் வாரத்தில் ஒரு தடவை, ஜூலை முதல் வாரத்தில் ஒரு தடவை அதே இடத்தில் அளந்தால் இன்னொன்றும் தெரியும்: பத்து மீட்டருக்கு ஜனவரிப் பிம்பம் சுமார் 3 மி.மீ. பெரிசு. ஆமாம், மார்கழிக் குளிரில்தான் நாம் சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறோம்.

அடுத்தது வெயிலின் வலு. அடி தட்டையான தகர டப்பா, உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். என்னுடையது 16 செ.மீ. விட்டம், அதாவது பரப்பு 0.02 சதுர மீட்டர். அதில் 300 மில்லி தண்ணீர், டப்பாவுக்கு அடியில் ஒரு தெர்மோகோல் துண்டு. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் வகை வேண்டும். தண்ணீர் காற்றைவிட மூன்று நாலு டிகிரி குளிர்ச்சியாக இருக்கும்போது ஆரம்பியுங்கள், முதல் பாதியில் காற்றிலிருந்து வாங்குவதும் பின் பாதியில் காற்றுக்கு இழப்பதும் ஓரளவு சரிக்குச் சரியாகிவிடும். ஏப்ரல், மே உச்சிவெயில்தான் தோது, சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும். டப்பா பத்து நிமிடம் நிழலில் இருந்துவிட்டு வெயிலுக்கு வரட்டும். வெயிலில் பத்து நிமிடம், கலக்கிவிட்டு அளவு எடுங்கள்.

எனக்கு 7.5 டிகிரி ஏறியது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.2 ஜூல் வேண்டும், ஆக 300 × 7.5 × 4.2 என்றால் 9,450 ஜூல். 600 வினாடியால் வகுத்து, 0.02-ஆலும் வகுத்தால் சதுர மீட்டருக்கு 787 வாட். தண்ணீர் ஆவியாவதும் மேற்பரப்பு பிரதிபலிப்பதும் போக இது மோசமில்லை, தெளிவான மதியத்தில் தரைக்கு வருவது சுமார் 1,000 வாட். காற்று மண்டலத்துக்கு மேலே 1,361. பிரான்சில் இயற்பியலாளர் கிளாட் புய்யே 1838-ல் செய்ததும் கறுப்புப் பாத்திரமும் தண்ணீரும்தான், காற்று விழுங்குவதையும் கணக்குப் பண்ணி இன்றைய எண்ணுக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவாகச் சொன்னார்.

இனி பேப்பரும் பேனாவும் எடுங்கள், எனக்குப் பிடித்த இடம் இதுதான். அந்த 1,361 வாட் நம் பக்கம் மட்டும் வரவில்லை. சூரியனைச் சுற்றி நம் தூரத்தில் பெரிய கோளம் ஒன்று போட்டால் அதன் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அதே அளவு விழும். கோளத்தின் பரப்பால் பெருக்கினால் 383-க்குப் பின்னால் 24 பூஜ்யம் வருகிற வாட். அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் (ஐன்ஸ்டீனின் E=mc² தான்) எடை கிடைக்கும்: வினாடிக்கு 42 லட்சம் டன். ஒன்றரைக் கோடி டிகிரி கொதிக்கும் நடுப்பகுதியில் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது அவ்வளவு எடை ஒவ்வொரு வினாடியும் ஆற்றலாகிக் கரைகிறது. அந்த ஆற்றல் மேற்பரப்புக்கு வந்து சேரப் பல்லாயிரம் ஆண்டுகள் முட்டி மோதுகிறது, அங்கிருந்து நம் டப்பாவுக்கு வர எட்டு நிமிடம் இருபது வினாடி.

அதில் பூமிக்குக் கிடைப்பது 220 கோடியில் ஒரு பங்கு. எடைக் கணக்கில் வினாடிக்கு இரண்டு கிலோகூட இல்லை. பருவமழை, நெல், மாம்பழம், மாடியில் காயும் வடகம் எல்லாம் அந்த இரண்டு கிலோவுக்குள்தான்.

பந்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2031 மே 21 அன்று தென் தமிழ்நாட்டில் மறுபடியும் வளையக் கிரகணம், அன்றைக்குச் சுவர் நிறைய வேலை இருக்கும். அதுவரை கண்ணாடியைக் கவிழ்த்தே வையுங்கள், இல்லாவிட்டால் எதிர்வீட்டுக்காரர் கண்ணில் அடித்து வம்பாகிவிடும்.