சில பிடிஎஃப் மட்டும் பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கிறதா?

புரோகிராம் உருவாக்கும் பிடிஎஃப்களில் சில மட்டும் பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தால், என்கிரிப்ஷன் (கோப்பைப் பூட்டும் குறியாக்கம்) கோடில் கை வைப்பதற்கு முன், அந்தக் கோப்புகளுக்குப் போன யூசர் பாஸ்வேர்டு காலியாக இருந்ததா என்று பாருங்கள்.

பிடிஎஃப்பில் இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு. திறக்க யூசர் பாஸ்வேர்டு. பிரிண்ட், காப்பி போன்ற அனுமதிகளுக்கு ஓனர் பாஸ்வேர்டு. யூசர் பாஸ்வேர்டு காலியாக இருந்தாலும் கோப்பு முறைப்படி என்கிரிப்ட் ஆகிவிடும், பெரும்பாலும் எர்ரர்கூட வராது. ரீடர் முதலில் காலி பாஸ்வேர்டைத்தான் போட்டுப் பார்க்கும். அது பொருந்தினால் எதுவும் கேட்காமல் திறந்துவிடும். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்கும் சம்பளச் சீட்டுகளில், நாலு பேருக்கு அந்தத் தேதி டேட்டாபேஸில் பதிவாகாமல் இருந்தாலே போதும், அந்த நாலு பேருடைய சம்பள விவரமும் யார் கையில் கிடைத்தாலும் திறக்கும். காலியாக இருந்தால் பிடிஎஃப்பையே உருவாக்காமல் நிறுத்துங்கள். அடுத்தவர் சம்பளம் வெளியே போவதைவிட ஒரு சீட்டு தாமதமாவது எவ்வளவோ மேல்.

உறுதிப்படுத்த, க்யூபிடிஎஃப் (qpdf) என்ற கமாண்ட் லைன் கருவியில் 'ரிக்வயர்ஸ்-பாஸ்வேர்டு' (--requires-password) ஆப்ஷனைப் பாஸ்வேர்டு கொடுக்காமல் ஓட்டுங்கள். கருவி முடியும்போது தரும் எண்ணான எக்சிட் கோடு 0 என்றால் பாஸ்வேர்டு தேவை, சரி. 3 என்றால் என்கிரிப்ஷன் இருக்கிறது, ஆனால் காலி பாஸ்வேர்டிலேயே திறக்கிறது.

2 வந்தால் இந்தக் குறிப்பு பொருந்தாது; கோப்பில் என்கிரிப்ஷனே இல்லை. என்கிரிப்ட் செய்த பிறகு நடந்த மெர்ஜ், வாட்டர்மார்க் வேலை ஏதாவது கோப்பைத் திரும்ப எழுதியிருக்கலாம். என்கிரிப்ஷனைக் கடைசிப் படியாக மாற்றிப் பாருங்கள்.