பிரிட்ஜ் ரெக்டிஃபயரில் இரண்டு கிரவுண்ட் கிளிப்: டயோடு சர்க்யூட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயோடைத் திருப்பி மாட்டுவது, கெப்பாசிட்டரின் பிளஸ் மைனஸை மாற்றுவது பற்றியெல்லாம் இங்கே பேச வேண்டாம். ஒரு தடவை 'டப்'பென்று வெடித்தால் யாரும் ஆயுசுக்கும் மறப்பதில்லை. போன வாரம் லேபில் ஒரு மாணவர், நான் படிக்கிற காலத்தில் செய்த கூத்தையே அச்சு அசலாகச் செய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

இன்புட்டையும் அவுட்புட்டையும் ஒரே நேரத்தில் ஸ்கோப்பில் (ஆசிலோஸ்கோப்பில்) பார்ப்பது

ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர்: நான்கு 1என்4007 டயோடு, 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 1 கிலோ ஓம் லோடு. முதல் சேனலை செகண்டரிக்கு (டிரான்ஸ்ஃபார்மரின் அவுட்புட் சுருளுக்கு) குறுக்கே மாட்டினேன், இரண்டாவதை லோடுக்குக் குறுக்கே. முழு அலை வரவேண்டிய திரையில் ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் மேடு. ஒரு டயோடு போயிருக்கும் என்று மாற்றினேன். அதே அரை அலை. அடுத்ததையும் மாற்றினேன். அதற்குள் வேறொரு டயோடில் கை வைக்க முடியவில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வார்னிஷ் கருகும் வாடை.

டயோடுகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. இரண்டு புரோப்பின் கிரவுண்ட் கிளிப்பும் ஸ்கோப்புக்குள் ஒரே இணைப்பு. ஒரு கிளிப்பை செகண்டரியின் ஒரு முனையிலும் மற்றதை லோடின் மைனஸிலும் மாட்டினால், அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் டயோடு ஷார்ட். ஒரு அரைச் சுற்றில் வித்தியாசமே தெரியாது. மறு அரைச் சுற்றில், மைனஸிலிருந்து செகண்டரியின் அடுத்த முனைக்குப் போகும் டயோடு நேராக செகண்டரிக்குக் குறுக்கே வந்து நிற்கும். உச்சத்தில் 17 வோல்ட். நடுவில் லோடு கிடையாது, சுருளின் சொந்த ரெசிஸ்டன்ஸ்தான் தடை. இதைத்தான் ரெக்கார்டில் 'டயோடு பழுது' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்!

ஸ்கோப்பின் எர்த் பின்னைக் கழற்றினால் சரியாகும் என்று அன்றைக்கு ஒரு சீனியர் சொன்னார். ஆகாது. இரண்டு கிளிப்பும் உள்ளே அப்போதும் ஒன்றுதான். ஷாக் அடிக்கும் ஆபத்துதான் கூடுதல். இன்புட்டைத் தனியாகப் பாருங்கள், கிளிப்பைக் கழற்றுங்கள், அப்புறம் அவுட்புட்டைப் பாருங்கள்.

ஜீனர் இருக்கிறது, ஆகவே 5.1 வோல்ட்

ஜீனர் என்பது வோல்டேஜை ஓர் அளவில் பிடித்து நிறுத்தும் டயோடு. சப்ளை 12 வோல்ட், சீரீஸில் 470 ஓம், லோடு 220 ஓம், அதற்குக் குறுக்கே 5.1 வோல்ட் ஜீனர். விடைத்தாளில் பாதிப் பேர் 5.1 என்று எழுதுவார்கள். முதலில் ஜீனரை மனதுக்குள் கழற்றி வைத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்: 12 × 220 / 690, அதாவது 3.8 வோல்ட். ஜீனர் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. சரி, ரெசிஸ்டரை 47 ஓம் ஆக்கிவிடலாமா? ஜீனர் விழிக்கும். ஆனால் லோடைக் கழற்றிய நொடியில் 147 மில்லிஆம்பியரும் அதன் தலையில்தான். முக்கால் வாட். அரை வாட் ஜீனர் எத்தனை நேரம் தாங்கும்?

கிளிப்பரில் 0.7-ஐ மறப்பது

கிளிப்பர் அலையின் உச்சியை வெட்டும் சர்க்யூட். டயோடோடு சேர்ந்த பேட்டரி 3 வோல்ட் என்றால், டயோடின் 0.7-உம் சேர்ந்து அலை 3.7-இல் வெட்டுப்படும்.

7805-க்கு 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்

7805 என்பது 5 வோல்ட் தரும் ரெகுலேட்டர் ஐசி. டிரான்ஸ்ஃபார்மரின் உச்சம் 8.5, பிரிட்ஜில் 1.4 போனால் மிச்சம் 7.1. 7805-க்கு உள்ளே ஏறக்குறைய 7 வோல்ட் வேண்டும். ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்) ஒவ்வொரு தடவையும் அதற்குக் கீழே இறங்கும். மீட்டர் 4.9 காட்டி உங்களைச் சமாதானப்படுத்தும். அதில் ஆடியோ சர்க்யூட் ஓடினால், ஸ்பீக்கரில்தான் 100 ஹெர்ட்ஸில் உறுமும்.