ஊரோடு வாழும் நாத்திகர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் அடுக்ககத்தில் குடியிருப்பவர் சாமி கும்பிடுகிறாரா இல்லையா என்று எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவருக்கு அதில் ஆவது ஒன்றுமில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலோ சிவகங்கைச் சீமையிலோ நிலைமை வேறு. அங்கே வரி வசூல், பஞ்சாயத்து, கல்யாணத் தேதி, சாவுக்கு யார் யார் வருவார்கள் என்பது வரை பலதும் கோயிலைச் சுற்றித்தான் நடக்கின்றன. கிறித்தவ ஊர்களில் சபைச் சந்தாவும் கல்லறைத் தோட்டமும், முஸ்லிம் ஊர்களில் ஜமாஅத்தின் திருமணப் பதிவேடும் கபர்ஸ்தானும் அதே வேலையைச் செய்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் கடவுள் நம்பிக்கை இல்லாமல் வாழ முடியும், பலர் வாழ்கிறார்கள். ஆனால் திரும்பத் திரும்பச் சறுக்குகிற இடங்கள் சில உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: தன் கொள்கைக்கு ஆகும் செலவை வேறொருவர் தலையில் கட்டிவிடுவது.

எல்லாவற்றையும் சாமி கணக்கில் எழுதுவது

அக்கா மகளுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டையடிக்க வேண்டும், காது குத்த வேண்டும். "எனக்கு அதில் நம்பிக்கை இல்லை" என்று மாமன் போகாமல் இருந்துவிடுகிறார். சாமிக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. சபையில் தலைகுனிந்து நின்றவர் அக்காதான். "என்ன, கூடப்பிறந்தவன் வரலையா?" என்று அன்று முழுக்க அவரைக் கேட்டிருப்பார்கள்.

நம் சடங்குகளில் பாதி, உறவுக்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் மரியாதை. தாய்மாமன் சீர், மொய், பந்தி பரிமாறுவது, துக்க வீட்டுக்குச் சமைத்து அனுப்புவது எல்லாம் கடவுள் இல்லாவிட்டாலும் நிற்கும். போங்கள், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சீர் செய்யுங்கள். தீபாராதனை காட்டும்போது கை கூப்பாமல் சும்மா நில்லுங்கள். தட்டு முன்னால் வந்தால் "இல்லண்ணே, வேண்டாம்" என்று சொன்னால் போதும். அதை இரண்டு மூன்று விசேஷத்தில் பார்த்துவிட்டால் ஊர் பழகிக்கொள்ளும்.

அப்படியானால் உறுதியாக நிற்க வேண்டிய இடம் எது? ஓர் உயிர் துன்பப்படும் இடம். பாம்பு கடித்தவரை மந்திரிக்கக் கூட்டிப் போகும்போது, மனம் கலங்கிய பெண்ணைப் பேய் ஓட்டுகிறவரிடம் இழுத்துப் போகும்போது வாய் மூடி நிற்பது பெருந்தவறு. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டிருந்த மனநலம் பாதிக்கப்பட்ட 28 பேர் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீயில் கருகி இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பாசமில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வேறு வழி உண்டு என்று பக்கத்தில் நின்று சொல்லவும், வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போகவும் ஆள் இல்லை. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை போட்டு ஊரில் பெயரைக் கெடுத்துக்கொண்டவரின் சொல், அப்படியொரு நேரத்தில் எடுபடாது.

வரி கேட்டு வரும்போது

கோயில் கொடைக்கும் திருவிழாவுக்கும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் "கட்ட மாட்டேன்" என்று போனிலேயே சொல்லிவிடுகிறார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஊரில் தனியாக இருக்கும் அம்மா. தண்ணீர் பாய்ச்சும் முறையில், களத்தில் நெல் காயப்போடும் இடத்தில், நல்லது கெட்டதுக்கு அழைப்பதில் ஊரின் கோபம் வெளிப்படும். ஊரில் நீங்கள் இல்லையென்றால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அங்கே இருப்பவர்தான். கட்டுவதில் எனக்குப் பெரிய தடை தெரியவில்லை. அன்னதானத்துக்கோ ஊருணி தூர்வாரவோ என்று சொல்லிக் கொடுங்கள், வரவு செலவுக் கணக்கையும் கேளுங்கள். பரிவட்டம் கட்ட வந்தால் மட்டும் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு நிலையில் கட்டவே கூடாது. தலித் குடும்பங்களிடம் வரி வாங்க மறுக்கிற ஊர்கள் இருக்கின்றன. வரி வாங்கினால் விழாவில் பங்கு கொடுக்க வேண்டும் என்பதால்தான் அந்த மறுப்பு. அங்கே "அவர்களிடம் வாங்காத வரியை என்னிடமும் வாங்காதீர்கள்" என்று நேருக்கு நேர் சொல்லுங்கள். கோயில் விவகாரத்தில் நமக்கென்ன என்று ஒதுங்குவதும் தவறுதான். 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்ற அவருடைய கடைசிக்காலக் கிளர்ச்சியின் பயனாக, பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கும் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 1970 டிசம்பரில் நிறைவேற்றியது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கத் தலித் மக்கள் பல்லாண்டு போராடியபோது, பக்கத்தில் நிற்க ஒருவருக்குப் பக்தி தேவைப்படவில்லை.

கடவுளை விட்டு, சாதியை வைத்துக்கொள்வது

திருநீறு பூசுவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை. ஆனால் பெண் பார்ப்பது மட்டும் சொந்த சாதிக்குள். கேட்டால் "வீட்டில் ஒத்துக்க மாட்டாங்க" என்பார்கள். ஊரில் உள்ளவர்கள் முட்டாள்கள் இல்லை, இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். இப்படிப்பட்டவர் எத்தனை மேடை ஏறினாலும் அவருடைய இறைமறுப்பு யாரையும் அசைக்காது.

மனைவியின் பூசையறை

இதைப் பற்றி ஆண்கள் பேசுவதே இல்லை. வீட்டுத்தலைவர் நாத்திகர். வெள்ளிக்கிழமை வீடு கழுவி, விளக்கேற்றி, ஆடி மாதம் கூழ் ஊற்றி, மாமியார் சொல்லும் விரதமெல்லாம் இருப்பது மனைவி. பெண்டாட்டியாவது ஒழுங்காகச் செய்கிறாளே என்று ஊர் அவரை மன்னித்துவிடும். ஒரு வாரம் விளக்கேற்றாவிட்டால் வசவு மனைவிக்கு. ஆணின் விடுதலை இப்படிப் பெண்ணின் கூடுதல் வேலையாக மாறிக்கொண்டிருக்கிற வீடுகள் நம் ஊர்களில் ஏராளம்.

மனைவிக்கு நம்பிக்கை இருந்தால் அது அவர் உரிமை, அதைக் கேலி செய்யாதீர்கள். இல்லையென்றால், "விளக்கு ஏற்ற வேண்டாம் என்பது எங்கள் இருவர் முடிவு" என்று உங்கள் அம்மாவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மனைவி தாலியோ பொட்டோ வைத்துக்கொள்ளாமல் இருக்க விரும்பினால் ஊரில் முதல் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள். நாத்திகப் பெண்ணுக்கு ஊர் கொடுக்கும் இடம், நாத்திக ஆணுக்குக் கொடுக்கும் இடத்தில் கால்பங்குகூட இல்லை. அந்தக் கேள்விகளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டியது கணவர்.

சாவு வீட்டில் விவாதம்

அப்பா இறந்துவிட்டார். உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர நீர்மாலைக்குப் புறப்படுகிறார்கள். மூத்த மகன் "நான் கொள்ளி வைக்க மாட்டேன்" என்கிறார். அந்த நிமிடத்திலிருந்து அது அப்பாவின் சாவாக இல்லாமல் மகனின் கொள்கையைப் பற்றிய பஞ்சாயத்தாகிவிடுகிறது. பெரியப்பா கத்துகிறார், அம்மா மகனின் காலைப் பிடிக்கிறார். இத்தனைக்கும் இறந்தவர் வாழ்நாளெல்லாம் முருகனைக் கும்பிட்டவர்.

நம்பிக்கையோடு வாழ்ந்தவரின் சாவு அவருடையது. அவர் விரும்பியபடி அனுப்பிவைப்பதால் உங்கள் கொள்கைக்கு ஒரு சேதமும் இல்லை. குடத்தைத் தோளில் தூக்கி மூன்று சுற்று வருவது பெற்றவருக்குப் பிள்ளை செய்யும் கடைசி வேலை, அவ்வளவுதான். அதுவும் மனதுக்கு ஒப்பவில்லை என்றால், அப்பா நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே தம்பியிடமோ தங்கையிடமோ பேசி வைத்துக்கொள்ளுங்கள். தங்கை கொள்ளி வைக்க ஆசைப்பட்டால் அவருக்காக ஊரிடம் பேசுவது, நீங்கள் மறுத்து நிற்பதைவிட மேலான காரியம். அப்பாவே நாத்திகராக இருந்து உறவினர் சடங்கைத் திணித்தால், அப்போது முழு உறுதியோடு நில்லுங்கள். அவர் எழுதி வைத்த காகிதம் கையில் இருந்தால் பெரியவர்களும் அடங்குவார்கள்.

கொள்ளிக்குச் சண்டை போட்ட பல மகன்கள், பதினாறாம் நாளுக்குள் வரும் தாலி அறுப்பில் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். உறுதியைக் காட்ட வேண்டிய இடமே அதுதான். கணவனை இழந்தவரை உட்கார வைத்து, பூவும் பொட்டும் வைத்து அழகு பார்த்து, பிறகு எல்லாவற்றையும் பறிக்கும் சடங்கு அது. முதல் நாளே அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்: "உனக்கு என்னம்மா வேணும்?" வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால், அத்தைமார்கள் வந்து இறங்குவதற்கு முன்பே பங்காளிகளிடம் சொல்லி முடித்துவிடுங்கள். பொட்டு வைத்துக்கொள்ளவும் கலர் சேலை கட்டவும் அவருக்கு விருப்பம் இருந்தால் அதற்கும் காவல் நில்லுங்கள். அவரே சடங்கு வேண்டும் என்றால் அதுவும் அவர் முடிவு.

வாட்ஸ்அப்பில் வீரம்

ஊர்க்குழுவில் கடவுளரைக் கிண்டல் செய்யும் படத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். கருத்துச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு, மனச்சான்றின் சுதந்திரத்தை அரசமைப்பின் 25-ஆம் பிரிவு தருகிறது. அதே நேரம், மத உணர்வைப் புண்படுத்தும் கெடுநோக்கோடு இழிவுபடுத்தினால் 3 ஆண்டு வரை சிறை என்கிற பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஏ பிரிவு, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 299-ஆம் பிரிவாக நீடிக்கிறது. வழக்கில் விடுதலையானாலும் அதுவரை காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்க வேண்டும்.

வழக்கைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்பாளரானவர், 2017 மார்ச் 16 அன்று கோவையில் வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றம் முழுக்கக் கொன்றவர்களுடையது, எழுதியவர் மேல் எள்ளளவும் பழி போடக்கூடாது. ஆனாலும் சிறுபான்மைச் சமூகத்துக்குள் இருந்து மறுப்பவருக்கு ஆபத்து பன்மடங்கு என்பதை அறிந்து நடக்க வேண்டும். மிரட்டல் வந்தால் அழிக்காமல் சேமித்து, உடனே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, மனு ரசீதை வாங்கி வையுங்கள். யார் அழைத்தாலும் இரவில் தனியாகப் போகாதீர்கள். வேறு மதத்தில் பிறந்த பகுத்தறிவாளர்கள் இப்படிப்பட்டவரைத் தங்கள் மேடைக்கு ஆயுதமாகப் பயன்படுத்திவிட்டு, இரவில் அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்புவது எனக்கு மன்னிக்க முடியாததாகப் படுகிறது.

பிள்ளைகள்

உங்கள் வாதத்தைப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசும் தூதுவராகப் பிள்ளையை ஆக்காதீர்கள். சுண்டல் கொடுத்தால் சாப்பிடட்டும், தேர் பார்க்கட்டும். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று பாட்டி சொல்லும் பயத்தை மட்டும் அன்றைக்கே பேசி நீக்கிவிடுங்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது, அரசமைப்பின் 28(3) பிரிவு அதைத் தடுக்கிறது. தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

காகிதங்களை அலட்சியப்படுத்துவது

சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சி 1967-ல் சட்டம் கொண்டுவந்தது, இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு அது. மாலை மாற்றியதோடு நிறுத்திவிடாமல் 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத திருமணத்தின் தொல்லை, கணவர் போன பிறகு ஓய்வூதியத்துக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அலையும் பெண்ணுக்கு வந்து சேரும். இருவரும் வெவ்வேறு மதத்தில் பிறந்தவர்கள் என்றால் 7-ஏ பொருந்தாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அதில் 30 நாள் அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டுவார்கள், வீட்டுக்குச் சேதி போய்விடும். பாதுகாப்பை முன்பே யோசியுங்கள்.

2019-ல் திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா "சாதி, மதம் அற்றவர்" என்று சான்றிதழ் பெற்றதைப் பார்த்து அதே ஆசை பலருக்கு. ஆதிக்க சாதியில் பிறந்தவர் வாங்கட்டும். பட்டியல் சாதியில் பிறந்தவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும். பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுக்கும் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். மதமில்லை என்ற சான்றிதழ் பிள்ளைகளின் இடஒதுக்கீட்டையே பறித்துவிடலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதமில்லை என்று சொல்வதில் அப்படி ஒரு இழப்பும் இல்லை. 2011-ல் சுமார் 28.7 லட்சம் பேர் மதத்தைக் குறிப்பிடாதவர்களாகப் பதிவானார்கள். கணக்கெடுப்பாளர் பெயரைக் கேட்டதும் மதத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம், பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

உங்கள் சாவு எப்படி நடக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். உடல்கொடைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். உடலை மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையிடம் ஒப்படைக்க வேண்டியவர்கள் உறவினர்கள்; அவர்கள் மறுத்தால் படிவம் பெட்டியிலேயே கிடக்கும். உடற்கூராய்வு செய்த உடலைப் பொதுவாகக் கல்லூரிகள் ஏற்பதில்லை, கண்கொடைக்கு 6 மணி நேரம்தான் கெடு. எனவே மனைவி, பிள்ளைகள், அண்ணன் தம்பி எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். கல்லூரியின் தொலைபேசி எண்ணோடு ஒரு பிரதியை ஊரில் இருப்பவரிடம் கொடுத்து வையுங்கள். இறுதி நாளில் ஊர்ப் பெரியவர்களோடு வாதாட வேண்டிய நிலை உங்கள் மனைவிக்கு வரக்கூடாது.