வீட்டில் குரல் பதிவு: மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது?

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய முனைபவர்கள் எந்த மைக்கை வாங்குவது என்று மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். வாங்கிய மைக்கின் முன் எங்கே நிற்பது என்பதைப் பற்றி அநேகமாக யோசிப்பதே இல்லை. ஆனால் குரல் காதருகில் ஒலிப்பதும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதும் பெரும்பாலும் அந்த இடைவெளியைப் பொறுத்தவையே. சுவரில் மோதித் திரும்பிய ஒலி ஒருமுறை பதிவில் கலந்துவிட்டால், எந்த மென்பொருளைக் கொண்டும் அதை முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது.

தொடக்கத்திற்கு ஒரு சாண் தூரம் போதுமானது. கட்டை விரலை உதட்டின் அருகிலும் சுண்டு விரலை மைக்கின் வலையிலும் வைத்துக் கையை விரித்தால் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கிடைக்கும். அங்கிருந்து முன்னே போவதா பின்னே வருவதா என்பதை முதலில் அறையும், அதன்பின் குரலும் தீர்மானிக்க வேண்டும்.

அறையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாயிலிருந்து நேராக வரும் ஒலி, தூரம் இரு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறைகிறது. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியோ மைக் எங்கிருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வோர் அடி பின்வாங்கும்போதும் பதிவில் குரலின் பங்கு குறைந்து அறையின் பங்கு கூடுகிறது. சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் கொண்ட நம் வீட்டு அறைகளில் இந்த எதிரொலி அதிகம் என்பதால், ஸ்டூடியோவில் பாடுபவர்கள் நிற்கும் தூரத்தை அப்படியே இங்கே பின்பற்றுவது சரிவராது. அறை காலியாக இருந்தால் 12 முதல் 15 சென்டிமீட்டருக்கு நெருங்குவதே நல்லது. மெத்தை, துணி அலமாரி, கனத்த திரைச்சீலை ஆகியவை நிறைந்த படுக்கையறையில் ஒரு சாணுக்கு மேலும் தள்ளி நிற்கலாம்.

இங்கே பலரும் செய்யும் ஒரு வீண் வேலையைச் சுட்டிக்காட்ட வேண்டும். மைக்குக்குப் பின்புறம் ஃபோம் அட்டைகளை ஒட்டிவிட்டு, பாடுபவரின் முதுகுப்புறத்தை வெறும் சுவராக விட்டுவிடுகிறார்கள். வீட்டுப் பதிவில் பெரும்பாலும் பயன்படும் கார்டியாய்டு வகை மைக் தன் பின்புறத்து ஒலியைத் தானாகவே பெருமளவு ஒதுக்கிவிடும். அது கூர்ந்து கேட்பது பாடுபவரையும் அவருக்குப் பின்னாலுள்ள சுவரையும்தான். எனவே இரண்டு தடித்த கம்பளிகளையோ மடித்த சமுக்காளத்தையோ முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுவதே பலன் தரும். முட்டை அட்டைகளால் குறிப்பிடும்படியான பயன் எதுவும் இல்லை.

அப்படியானால் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். அதற்கு இரண்டு தடைகள் உள்ளன. கார்டியாய்டு மைக்கை நெருங்க நெருங்கக் குரலின் கீழ்ப்பகுதி இயல்புக்கு மீறிப் பருத்துவிடும். மெலிந்த குரலுக்கு அது ஒரு செழுமையைத் தரக்கூடும் என்றாலும், கனத்த ஆண் குரல் 5 சென்டிமீட்டரில் நின்று மந்தர ஸ்தாயியில் பாடினால் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். இரண்டாவது தடை தலையசைவு. 5 சென்டிமீட்டரில் நிற்பவர் இன்னொரு 5 சென்டிமீட்டர் பின்னே சாய்ந்தாலே ஒலி 6 டெசிபல் விழுந்துவிடும். 20 சென்டிமீட்டரில் நிற்பவர் அதே அளவு சாய்ந்தால் சுமார் 2 டெசிபல்தான் குறையும். தலையை அசைத்து அனுபவித்துப் பாடுபவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது கோணம். பகரத்தில் தொடங்கும் சொற்களைப் பாடும்போது உதட்டிலிருந்து வெடித்து வரும் காற்று மைக்கின் மெல்லிய தகட்டை நேரே தாக்கி, 'டப்' என்ற அடியைப் பதிவாக்கிவிடும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துப் 'பப்பாளிப் பழம்' என்று சொல்லிப் பார்த்தால் அந்தக் காற்று எங்கே படுகிறது என்பது தெரியும். அந்தப் பாதையிலிருந்து மைக்கைச் சற்று மேலே தூக்கி, மூக்கின் உயரத்தில் வைத்து, வாயை நோக்கிக் கீழே சாய்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மீதிக்கு, மைக்கிலிருந்து நான்கு விரற்கடை முன்னால் காற்றின் வேகத்தைத் தணிக்கும் வலைத்திரையான ஒரு பாப் ஃபில்டரை வைக்கலாம். அது உதட்டுக்கும் மைக்குக்கும் இடையே ஒரு வேலியாக இருந்து, பாடுபவர் தம்மையறியாமல் நெருங்குவதையும் தடுக்கும். 'ச', 'ஸ' ஒலிகள் காதைக் குத்தினால் மைக்கை 15 பாகை அளவுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்கலாம். பெரிய கண்டென்சர் மைக்குகளில் பல, உச்சியில் அல்லாமல் பக்கவாட்டில், பெரும்பாலும் நிறுவனத்தின் சின்னம் உள்ள முகத்தில், ஒலியை வாங்குபவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பல்லவியை மெல்ல எடுத்துவிட்டு அனுபல்லவியில் தார ஸ்தாயியைத் தொடுபவர் ஒரே இடத்தில் நின்று பாடினால், ஒன்று தொடக்கம் கேட்காது, அல்லது உச்சம் சிதையும். மேலே போகும்போது இடுப்பிலிருந்து லேசாகப் பின்சாய்ந்து ஒன்றரைச் சாணுக்கு விலகி, இறங்கும்போது திரும்பி வருவதே முறை. இது மேடையில் மைக்கைக் கையில் பிடித்து அரை முழம் விலக்குவதைப்போல் பெரிய அசைவாக இருக்கக் கூடாது. அத்தனை தூரம் விலகினால் ஒலியளவுடன் குரலின் நிறமும் மாறி, அந்த ஒரு சங்கதி மட்டும் வேறோர் அறையில் பாடியதுபோல் கேட்கும்.

நிற்கும் இடம் முடிவான பிறகே கெயினை, அதாவது மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை, தொட வேண்டும். பாட்டின் மிக உரத்த வரியை முழு மூச்சில் பாடி, பதிவு மென்பொருளின் ஒலிமானியில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்து, 24 பிட்டில் பதிவு செய்தால் போதும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்த முடியாத ஃப்ரிட்ஜின் உறுமலோ தெருச்சத்தமோ இருந்தால், மைக்கின் முதுகு அந்தத் திசையை நோக்கும்படி நிற்கும் இடத்தையே மாற்றிக்கொள்ளலாம். மைக்கிலோ, அதைக் கணினியோடு இணைக்கும் கருவியான இன்டர்ஃபேஸிலோ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் பொத்தான் இருந்தால் தயங்காமல் போடலாம். 1 கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் மந்தர பஞ்சமமே ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ் என்பதால் குரலில் எதுவும் பெரிதாகக் குறைந்துவிடாது. சுருதிப் பெட்டியை மூடிய வகை ஹெட்போனில் கேட்டுப் பாட வேண்டும். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடும் பழக்கமுள்ளவர்கள், கழற்றிய பக்கத்தைத் தலையோடு அழுத்தி வைக்காவிட்டால் தம்பூரா மைக்கில் கசியும்.

ஒரு வரியை மட்டும் மறுநாள் திருத்திப் பாட நேர்வது சகஜம் என்பதால், காலடியில் தரையில் ஒரு டேப் ஒட்டி, மைக்கின் உயரம், பாப் ஃபில்டரின் தூரம், கெயின் குமிழின் நிலை ஆகியவற்றைச் செல்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. அதே இடத்தில் நின்று பாடினால்தான் புதிய வரி பழையவற்றோடு ஒட்டும்.